மேசைமேல் ஒரு குதிரைப்படை

புதுதில்லியில் வாழும் தமிழ் அன்பர்களுள் தீன்மூர்த்திச் சதுக்கத்தைக் காணாதவர் ஒருவரும் இரார். அலுவலகத்துக்குப் பஸ்ஸில் செல்லும்போதும், ஊரிலிருந்து வந்த சுற்றத்தாருக்குத் தலைநகரைச் சுற்றிக் காட்டும்போதும், நடுவே ஓர் உயர்ந்த கற்றூணும் அதனைச் சூழ வெண்கலத்தில் வார்த்த மூன்று வீரர்களும் நிற்கும் அவ்விடத்தைப் பலமுறை கடந்திருப்பீர்கள். அம்மூவரும் ஹைதராபாத், ஜோத்பூர், மைசூர் என்னும் மூன்று சமஸ்தானங்களின் ஈட்டிக் குதிரைப்படைகளைக் குறிப்பவர்கள். முதல் உலக யுத்தத்தில் அயல்நாட்டு மண்ணில் மடிந்த அப்படையினரின் நினைவாக, லெனார்ட் ஜென்னிங்ஸ் என்ற சிற்பி அமைத்த உருவங்கள் 1922-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பெற்றன. 2018-ஆம் ஆண்டு முதல் ஹைஃபா என்னும் ஊரின் பெயரும் அச்சதுக்கத்தின் பெயரோடு சேர்ந்துகொண்டது.

ஒருநாள் அங்கே சற்று நின்று பார்த்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. குதிரைப்படைக்கு எடுத்த நினைவுச் சின்னத்தில் குதிரையே இல்லை. மூவரும் தரையில் கால் ஊன்றி நிற்கிறார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தக் குதிரைகளைப் பற்றியது. அவற்றைப் பிளாஸ்டிக்கில் சிறு உருவங்களாகச் செய்து, ஒரு பலகையின்மேல் சரித்திரக் காட்சியாக நிறுத்தும் கலையைப் பற்றியது.

இது குழந்தைகளின் விளையாட்டல்லவா என்று சிலர் புன்னகை செய்யக்கூடும். நானும் அவ்வாறே எண்ணித்தான் தொடங்கினேன். ஆயினும் இக்கலைக்கு வயதும் உண்டு, வழக்கு வியாச்சியங்களும் உண்டு. இத்தகைய காட்சியை டயோராமா என்பர். 1822-இல் டகேர் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரில் பெரிய திரைச்சீலைகளில் சித்திரம் தீட்டி, அவற்றின்மேல் ஒளியை மாற்றி மாற்றி விழச் செய்து காட்டிய வேடிக்கைக்கு முதலில் வழங்கிய பெயர் அது. பிற்காலத்தில் சிறு உருக்களைக் கொண்டு அமைக்கும் காட்சிக்கு அப்பெயர் வந்து நிலைத்தது.

உருக்களைக் கொண்டு யுத்தக் காட்சி அமைத்தவர்களுள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் வில்லியம் ஸைபார்ன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி. 1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் நடந்த வாட்டர்லூ போரைப் படிமமாக்கும்படி அவரைப் பணித்தார்கள். மனிதர் எட்டு மாத காலம் அப்போர்க்களத்திலேயே ஒரு பண்ணை வீட்டில் தங்கி, மேடு பள்ளங்களை அளந்தார். அப்போரில் ஈடுபட்டு உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, அன்று மாலை ஏழு மணிக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள், உங்கள் முன்னே யார் நின்றார்கள், வயலில் என்ன பயிர் நின்றது என்று கேட்டார். ஏறக்குறைய 75,000 உலோக உருக்கள் கொண்ட அப்படிமம் 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்று அது அந்நகரத்துத் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதில் நான் வியப்பது உருக்களின் எண்ணிக்கையை அன்று. பிரஷ்ய நாட்டுப் படை எப்போது, எவ்வளவு தூரம் களத்துக்குள் வந்துவிட்டது என்பதை ஸைபார்ன் தமக்குக் கிடைத்த சாட்சியங்களின்படி காட்டியிருந்தார். அது வெலிங்டன் பிரபுவுக்கு உவப்பாக இல்லை. வெற்றியின் பெருமையில் பங்கு கேட்பதுபோல் தோன்றிற்று. அரசாங்கத்தார் பணவுதவியை நிறுத்தினர், ஸைபார்ன் கடன்பட்டார், முடிவில் பிரஷ்ய உருக்களிற் பெரும் பகுதியைப் பலகையிலிருந்து எடுத்துவிட நேர்ந்தது. பொம்மைகளை எங்கே நிறுத்துவது என்பதன் பொருட்டு ஒரு மனிதர் இத்தனை அல்லற்பட்டிருக்கிறார் என்றால், அது வெறும் பொம்மை விளையாட்டு ஆகாது. அவரே பின்னர் 1844-இல் இரண்டாவது படிமம் ஒன்று செய்தார். வாட்டர்லூவில் ஆங்கிலக் கனரகக் குதிரைப்படை பாய்ந்த வேளையைக் காட்டுவது அது. குதிரைப்படைக் காட்சி செய்ய விரும்புவோர் அதன் படங்களையேனும் ஒருமுறை பார்த்தல் நன்று.

இனி நம் காட்சிக்கு வருவோம். நான் எடுத்துக்கொண்டது ஹைஃபா. 1918-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், பாலஸ்தீனக் கடற்கரையில் உள்ள அத்துறைமுக நகரம் துருக்கியர், ஜெர்மானியர் வசம் இருந்தது. நகருக்குச் செல்லும் வழியின் ஒருபுறம் கார்மெல் மலை, மறுபுறம் கிஷோன் ஆறு. இடையே ஒடுங்கிய நிலம். மலைமேல் பீரங்கிகள், சரிவுகளிலும் வழியிலும் இயந்திரத் துப்பாக்கிகள். மைசூர்க் குதிரைப்படையில் ஒரு பிரிவினர் மலையேறிப் பீரங்கிகளை மடக்கச் சென்றனர். பிற்பகல் இரண்டு மணிக்கு ஜோத்பூர்க் குதிரைப்படை சமவெளியில் பாய்ந்தது. ஆற்றங்கரையை நெருங்கியபோது அங்கே புதைசேறு இருப்பது தெரிந்தது. குண்டு மழைக்கு நடுவே, ஓடும் குதிரைகளை அப்படியே இடப்புறம் திருப்பி, மலையடிவாரத்துச் சரிவில் ஏறி, அங்கிருந்த இயந்திரத் துப்பாக்கிகளைக் கைப்பற்றி, வழியைத் திறந்துகொண்டு நகருக்குள் நுழைந்தனர். பகைவருள் 1,350 பேர் சிறைப்பட்டனர். 17 பீரங்கிகளும் 11 இயந்திரத் துப்பாக்கிகளும் அகப்பட்டன. ஜோத்பூர்ப் படையை நடத்திச் சென்ற மேஜர் தல்பத் சிங் அன்று உயிர் நீத்தார்.

ஈட்டி ஒன்றையே துணையாகக் கொண்டு பீரங்கியை வென்றார்கள் என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். அது பாதி உண்மை. அவர்களுக்குப் பின்னால் பீரங்கிப் பிரிவு ஒன்றும் இயந்திரத் துப்பாக்கிகளும் துணை நின்றன. அதைச் சொல்வதனால் அவர்கள் தீரம் குறைந்துவிடாது. மைசூர்ப் படையினரின் நினைவுத் தூண் பெங்களூரில் ஜெயசாமராஜேந்திர நகரில் இருக்கிறது. அந்நகரத்து அன்பர்கள் போய்ப் பார்க்கலாம். சமஸ்தானங்களின் குதிரைப்படைகளை இணைத்து 1953-இல் அமைத்த 61-ஆம் குதிரைப்படை, செப்டம்பர் 23-ஐ ஹைஃபா நாளாகக் கொண்டாடி வருகிறது.

இப்போது பலகையை எடுத்துக்கொள்வோம். பொம்மை வீரர்கள் முக்கியமாக இரண்டு அளவுகளில் கிடைக்கின்றன. ஒன்று, உண்மையில் 72-இல் ஒரு பங்கு. மனிதன் சுண்டுவிரல் நுனியளவுதான் இருப்பான். மற்றொன்று 32-இல் ஒரு பங்கு; மனிதன் ஏறக்குறைய 54 மில்லிமீட்டர். நூற்றுக்கணக்கான வீரர்களைக் காட்டவேண்டுமானால் சிறியது ஏற்றது. முகமும் சேணமும் தெரிய வேண்டுமானால் பெரியதே வேண்டும். நான் பெரியதைத் தேர்ந்தேன். ஆசை காரணமாக அன்று. என் கண்ணாடியின் கனம் காரணமாக.

அளவைத் தீர்மானித்ததும் கணக்குப் பார்க்கவேண்டும். இந்தக் கணக்கே பல மயக்கங்களைத் தெளிவிக்கும். குதிரையின் உயரத்தை, நான்கு அங்குலம் கொண்ட கை என்னும் அளவால் தோள்மேடு வரையில் அளப்பது வழக்கம். 15 கை உயரமுள்ள குதிரை நம் அளவில் 48 மில்லிமீட்டர் இருக்கும். 9 அடி நீளமுள்ள மூங்கில் ஈட்டி 86 மில்லிமீட்டர் இருக்கும். பெட்டியில் வரும் ஈட்டிகள் பெரும்பாலும் இதைவிடக் குட்டையாகவும் தடியாகவும் இருக்கக் கண்டிருக்கிறேன். இன்னொரு கணக்கையும் சொல்கிறேன். என் பலகை 60 சென்டிமீட்டர் நீளம். அது உண்மையில் 19 மீட்டர் நிலம். முழு வேகத்தில் பாயும் குதிரை அந்நிலத்தை இரண்டு விநாடிக்குள் கடந்துவிடும். ஓராண்டு உழைத்து நாம் செய்வது அந்த இரண்டு விநாடியை. ஆகவே அதற்குள் என்னென்ன நிகழக்கூடும், என்னென்ன நிகழமுடியாது என்று யோசித்த பின்னரே கத்தியைக் கையில் எடுத்தல் வேண்டும். முன்வரிசைக் குதிரைவீரன் திரும்பிப் பார்த்துத் தோழனோடு பேசுவதற்கெல்லாம் அங்கே அவகாசம் இல்லை.

பிளாஸ்டிக்கிலும் இரு வகை உண்டு என்பதைப் புதியவர்கள் அறியாமல் இடர்ப்படுகிறார்கள். பாலிஸ்டைரீன் என்பது கெட்டியானது, வளைத்தால் முறியும். அதற்குரிய பசை உண்மையில் பசையன்று. இரு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக உருகச் செய்யும் திரவம். காய்ந்தபின் ஒட்டிய இடமே தெரியாது. பாலிதீன் என்பது மெத்தென்று வளைவது; 1959 முதல் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியார் வெளியிட்ட சிறிய வீரர்கள் இந்த வகையே. அதில் மேற்படி திரவம் பிடிக்காது. சாயமும் தோல் உரிவதுபோல் உரிந்து வரும். அவற்றைச் சோப்பு நீரில் கழுவி, நீர்த்த ஃபெவிகால் பூசி உலர்த்தி, அதன்மேல் சாயம் தீட்டினால் ஓரளவு நிற்கும். வெட்டி மாற்றும் வேலைக்குக் கெட்டியான வகையே சிறந்தது. பிரான்சு தேசத்து ஹிஸ்டோரெக்ஸ் உருக்களில் குதிரையின் உடல் வலம், இடம் என இரண்டு பாதிகளாக வரும். ஒரு குதிரையின் வலப்பாதியை வேறொன்றின் இடப்பாதியோடு சேர்த்துப் பலவகை நடைகளை உண்டாக்கலாம். ஏர்ஃபிக்ஸ் கம்பெனியாரும் 1971 முதல் 54 மில்லிமீட்டர் வரிசையில் இத்தகைய பாகங்கள் கொண்ட பெட்டிகளை வெளியிட்டார்கள்.

இப்பெட்டிகளிற் பெரும்பாலானவை நெப்போலியன் காலத்து வீரர்களைக் கொண்டவை. நமக்கு வேண்டியவனோ அதற்கு நூறாண்டு பின்னர், காக்கிச் சட்டையும் தலைப்பாகையும் அணிந்து பாலஸ்தீனத்தில் குதிரை ஏறியவன். இங்கேதான் மாற்று வேலை தொடங்குகிறது. நான் போலந்து நாட்டு ஈட்டி வீரன் ஒருவனை எடுத்துக்கொண்டேன். சதுர முடி கொண்ட அவன் தொப்பியைப் புருவத்துக்கு மேலே ரம்பத்தால் அறுத்தேன். மார்பில் இருந்த அகன்ற முகப்பையும் தோளில் தொங்கிய குஞ்சங்களையும் அரத்தால் ராவி மழித்தேன். இடுப்பில் குறுக்கே வெட்டி, உடலைச் சற்று முன்னே சாய்த்து, உள்ளே கம்பி வைத்து நிறுத்தினேன். வலக்கை ஈட்டியைப் பிடிக்க, இடக்கை கடிவாளத்தைப் பிடிக்க வேண்டும். ஆகவே இரு கைகளும் தோளிலும் முழங்கையிலும் வெட்டுப்பட்டன. இவ்வளவும் செய்த பின் பார்த்தால், சித்திரவதைக்கு உள்ளானவன்போல் இருந்தான். பயப்பட வேண்டியதில்லை. குழாய் ஓட்டையை அடைக்க உதவும் எம்-சீல் போன்ற இரட்டைப் பசைமண் இருக்கிறதே, அதுவே நமக்கு மருந்து. இரண்டையும் சம அளவில் பிசைந்து, வெட்டுவாய்களில் அடைத்து, ஈரப்படுத்திய பல்குச்சியால் சட்டையின் மடிப்புகளை வரைந்துவிடலாம். ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும், பிறகு கல்லாகிவிடும்.

தலைப்பாகையை ஒரே உருண்டையாகச் செய்து ஒட்டுவது பெருந்தவறு. அது பூசணிக்காயைக் கவிழ்த்தாற்போல் இருக்கும். பசைமண்ணை மெல்லிய நாடாவாகத் தேய்த்து, உண்மையில் எப்படிச் சுற்றுவார்களோ அப்படியே ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்றாகச் சாய்த்துச் சுற்றவேண்டும். முழங்காலுக்குக் கீழே சுற்றும் துணிப்பட்டைக்கு, நீர்த்த ஃபெவிகாலில் நனைத்த மெல்லிய காகிதம் போதும். வளைந்த வாள் இருந்த இடத்தில் நேரான வாள். தோள்வார், தோட்டாப்பை, துப்பாக்கி ஆகியவை முதல் உலக யுத்தக் காலாட்படைப் பெட்டியிலிருந்து கிடைத்தன. ஈட்டிக்கு நான் என்னென்னவோ தேடினேன். பெட்டியில் வந்தது குட்டை. எஃகுக் கம்பி பளபளத்தது. முடிவில் ஊரிலிருந்து கொண்டுவந்த தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குச்சியே கைகொடுத்தது. நன்கு காய்ந்த ஈர்க்கு மூங்கிலின் நிறத்திலேயே இருக்கும். ஆனால் நுனி மெலிந்து வளையும். ஆகவே நடுப்பகுதியை மட்டும் நறுக்கி, மென்காகிதத்தால் சீராகத் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

முகத்துக்கு வருகையில் ஒரு சிறு மனத்தாங்கல். சாயப் புட்டிகளில் ‘தசை நிறம்’ என்று அச்சிட்ட புட்டி ஒன்றை வாங்கி வந்தேன். திறந்து பார்த்தால் இளஞ்சிவப்பு. உலகத்தில் தசைக்கு ஒரே நிறம்தான் என்று எண்ணி விட்டார்கள் போலும்! காவியும் செம்பழுப்பும் சிறிது மஞ்சளும் கலந்து, அவனவன் முகத்துக்கு ஏற்ப நாமே கலந்துகொள்ள வேண்டியதுதான். ஒன்பது பேருக்கும் ஒரே கலவையைத் தீட்டாதீர்கள்.

இனிக் குதிரை. இக்கலையில் மனிதனைவிடக் குதிரையே கடினம். மனிதன் எப்படி நிற்கிறான், நடக்கிறான் என்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பாயும் குதிரையின் கால்களையோ கண் பின்தொடர இயலாது. பல நூற்றாண்டுகளாகச் சித்திரக்காரர்கள் முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னே நீட்டி, குதிரை அந்தரத்தில் பறப்பதுபோல் தீட்டி வந்தார்கள். 1878-இல் மைபிரிட்ஜ் என்பவர் அமெரிக்காவில் கலிபோர்னியாவில், குதிரை ஓடும் பாதை நெடுகிலும் காமிராக்களை வரிசையாக வைத்துப் படம் பிடித்தார். நான்கு கால்களும் ஏககாலத்தில் தரையை விட்டு எழும்புவது உண்மைதான் என்பது அதனால் தெளிவாயிற்று. ஆனால் அது கால்கள் நீண்டிருக்கும்போது அன்று. நான்கும் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கூடும்போது. அதுவரை தீட்டிய எண்ணற்ற ஓவியங்கள் ஒரே நாளில் பிழையாகிவிட்டன.

பிழை ஓவியங்களோடு ஒழியவில்லை. மலிவான பொம்மைக் குதிரைகள் பல இன்றும் அந்தப் பழைய பாய்ச்சலிலேயே இருக்கின்றன. அவற்றை நெறிப்படுத்துவது எப்படி? முதலில் பாய்ச்சலின் ஒழுங்கை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வலக்காலை முதன்மையாகக் கொண்டு பாயும் குதிரைக்கு இடப் பின்னங்கால், வலப் பின்னங்கால், இட முன்னங்கால், வல முன்னங்கால் என்ற வரிசையில் குளம்புகள் தரையைத் தொடும். அதன்பின் ஒரு கணம் அந்தரம். மீண்டும் இடப் பின்னங்கால். இந்த ஐந்து நிலைகளில் எந்த நிலையில் ஒவ்வொரு குதிரையும் இருக்கிறது என்று காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே நிலையில் இருந்தால், அது குதிரைப்படை ஆகாது, சர்க்கஸ் ஆகிவிடும்.

பிறகு வெட்டு. காலைத் தோளோடும் தொடையோடும் சேரும் இடத்தில் அறுத்து எடுத்து, புதிய கோணத்தில் கம்பியால் கோத்து, இடைவெளியைப் பசைமண்ணால் நிரப்ப வேண்டும். முழங்காலை மடக்க வேண்டுமாயின், மடங்கும் பக்கத்தில் ஆப்பு வடிவில் சிறு பிளவு வெட்டி, வெந்நீரில் அமிழ்த்தி, மெல்ல மடக்கலாம். எங்கே மடக்குவது என்பதில்தான் தடுமாறுவோம். குதிரையின் பின்னங்காலில் பின்னோக்கி நிற்கும் மூட்டு நம்முடைய முழங்கால் அன்று, அது குதிகால். குதிரையின் உண்மையான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. இதை அறியாமல் நான் வெட்டிய முதற் குதிரை, நாற்காலியில் உட்கார முயல்வதுபோல் இருந்தது. அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்தரத்தில் இருக்கும் குதிரையை நிறுத்துவது எவ்வாறு என்று கேட்பீர்கள். ஒரு குளம்பாவது தரையில் இருக்கும்படி திட்டமிட்டு, அக்காலின் உள்ளே நுண்துளையிட்டு எஃகுக் கம்பியைச் செலுத்தி, கம்பியின் மறுமுனையைப் பலகைக்குள் இறக்கிவிடுவதே வழி. முற்றிலும் அந்தரமாக வேண்டுமானால், அருகில் உள்ள புதரோ, உயர்ந்த புல்லோ வயிற்றைத் தாங்குமாறு கம்பியை மறைக்கலாம்.

நிறம் தீட்டுவதைப் பற்றி விரிக்க நேரமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். செம்பழுப்புக் குதிரைகளில் ஒரு சாதிக்குப் பிடரியும் வாலும் காலின் கீழ்ப்பகுதியும் கருமையாக இருக்கும். மற்றொரு சாதிக்குப் பிடரியும் உடலும் ஒரே நிறம். இரண்டையும் கலந்து குழப்பலாகாது. இந்தியக் குதிரைப்படைகளுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் கப்பலாக வேலர் என்னும் குதிரைகள் வந்தன. அவற்றுட் பல நம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவை. அவற்றின் பழைய புகைப்படங்கள் நிறத்துக்கும் உடலமைப்புக்கும் நல்ல துணை.

தரையைச் செய்வதில் எனக்கு நேர்ந்த விபத்து ஒன்று உண்டு. கார்மெல் மலைச் சரிவை இலேசான தெர்மோகோலில் செதுக்கி முடித்து, அதன்மேல் குதிரைகளை மேற்சொன்ன திரவத்தால் ஒட்டினேன். மறுநாள் காலையில் மலையில் குழி விழுந்து, குதிரைகள் சாய்ந்து கிடந்தன. தெர்மோகோலும் பாலிஸ்டைரீனின் ஒரு வகையே. அத்திரவம் அதையும் தின்றுவிடும். அதன்பின் தெர்மோகோலின்மேல் பாரிஸ் சாந்து பூசி, காய்ந்த பிறகே எதையும் ஒட்டுவது வழக்கமாயிற்று. செப்டம்பர் மாதக் கடைசியில் அந்நாட்டில் நெடுங்கோடை முடிந்திருக்கும், மழை தொடங்கியிராது. ஆகவே புல் காய்ந்து வெளிறியிருக்க வேண்டும், ஆற்றோரத்தில் மட்டும் பசுமை. மண்ணுக்கு நான் கண்ட சிறந்த பொருள் நம் வீட்டுக் காப்பி வடிகட்டியில் தங்கும் சக்கை. ஒரு வாரம் நல்ல வெயிலில் உலர்த்திய பிறகு, ஃபெவிகால் தடவிய தரையில் தூவினால் மண் மண்ணாகவே இருக்கும். சரியாக உலர்த்தாவிட்டால் பூஞ்சை பூத்துவிடும். பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் அன்பர்கள் மழைக்காலத்தில் இதை முயலவேண்டா. ‘காப்பியை விடச் சக்கைக்குத்தான் இந்த வீட்டில் மதிப்பு’ என்று என் மனைவி சொல்லும் வார்த்தைக்கு நான் மறுமொழி கூறுவதில்லை.

இவ்வளவும் செய்து முடித்து, ஒன்பது குதிரைவீரர்கள் ஈட்டியை நீட்டிக்கொண்டு பாய்ந்து வரும் காட்சியை எங்கள் குடியிருப்பில் பொங்கல் விழாக் கண்காட்சியில் வைத்தேன். பலரும் பாராட்டினார்கள். மாலையில் அண்டை வீட்டார் ஒருவர் தம் தந்தையாரை அழைத்து வந்தார். ராஜஸ்தானத்தைச் சேர்ந்த அப்பெரியவர் குதிரைப்படையில் தஃபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு நெடுநேரம் குனிந்து பார்த்தார். கடிவாளம் சரி, இருக்கை சரி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தார். எனக்கு உள்ளூரப் பெருமை. கடைசியில் நிமிர்ந்து, இந்தியில், “எல்லாம் நன்றாக இருக்கிறது, ஐயா. ஆனால் குதிரைகள் எங்கே?” என்றார். ஒன்பது குதிரைகள் கண்முன் நிற்கின்றனவே என்றேன். “இவை ஓடுகிற குதிரைகள். விழுந்த குதிரைகளைக் கேட்கிறேன்” என்றார்.

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அன்றிரவு கணக்கை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அன்றைய போரில் இந்தியத் தரப்பில் இறந்தவர் 8 பேர். காயமுற்றவர் 34 பேர். இறந்த குதிரைகள் 60, காயமுற்றவை 83. இந்த எண்களை நான் முன்பே அறிவேன். கண்காட்சிக்கு வைத்த அட்டையிலும் எழுதியிருந்தேன். ஆயினும் அவற்றின் பொருளை யோசித்தேனில்லை. ஒரு வீரன் மடிந்ததற்கு ஏழு குதிரைகளுக்கு மேல் மடிந்திருக்கின்றன. குண்டுகளைப் பெரிதும் தாங்கியவை குதிரைகளே. ஆகவே அந்தப் பிற்பகலில் ஜோத்பூர் வீரர் பலர், தம் குதிரை காலடியில் சரிய, உயிரோடு தரையில் நின்றிருக்க வேண்டும். என் காட்சியில் அத்தகைய ஒருவனும் இல்லை. ஒருவர்மேலும் ஒரு குண்டும் படாத போர் அது.

பலகையைத் திரும்பப் பிரித்தேன். ஒன்பது பேரில் மூவரைக் கம்பியோடு பிடுங்கி எடுத்தேன். விழுந்த குதிரையைப் பெட்டியில் எவரும் விற்பதாகக் காணோம். ஓடும் குதிரையையே மாற்ற வேண்டியிருந்தது. தரையில் படும் பக்கத்தை அரத்தால் ராவித் தட்டையாக்கினேன். இல்லாவிட்டால் குதிரை தரையில் கிடப்பதாகத் தோன்றாது, தரைமேல் வைத்ததாகத் தோன்றும். நான்கு கால்களையும் மூட்டுக்கு மூட்டு வெட்டி மடக்கினேன். கழுத்தை நீட்டி, தாடையை மண்ணில் படியச் செய்தேன். சேணம் ஒருபுறம் சரிந்து, கடிவாளம் தளர்ந்து கிடக்கவேண்டும். குதிரை சறுக்கி விழுந்த தடத்தைக் காப்பிச் சக்கையைக் கீறிக் காட்டினேன். அவ்வாறு இரண்டு குதிரைகள் ஆயின. ஒரு குதிரையின் அடியில் வீரன் கிடக்கிறான். மற்றொரு குதிரையின் வீரன் எழுந்து நிற்கிறான்.

நிற்கும் அவ்வொருவனைச் செய்வது மற்ற எட்டுப் பேரையும்விடக் கடினமாயிற்று. சேணத்தில் அமர்வதற்கென்று அகட்டி வார்த்த கால்களை நேராக்கி நிறுத்தினால், இடுப்பும் தோளும் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியவில்லை. மூன்று முறை செய்து மூன்று முறையும் ஒடித்துவிட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போக்குவரத்து மிகுவதற்கு முன்னரே, நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தீன்மூர்த்திச் சதுக்கத்துக்குப் போனேன். குதிரையின்றித் தரையில் நிற்கும் அம்மூவரையும் சுற்றிச் சுற்றி வந்து, தலைப்பாகையின் சுற்றையும் கால் ஊன்றிய வகையையும் வரைந்துகொண்டு திரும்பினேன்.